மலைப் பயணம் தரும் படிப்பினை

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் நீலகிரிக்குக் கல்விச் சுற்றுலா சென்று திரும்பிய பின்னர், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நடைபெற்ற கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மூன்று நாள் பயணத்தை முடித்துக்கொண்டு நாம் எல்லோரும் நலமாக ஊர் திரும்பியிருக்கிறோம். இது பொதுப்பணத்தில் சென்று வந்த பயணம். பொதுப்பணத்தில் ஊர் பார்த்தவர்கள், தாம் பார்த்ததைப் பொதுமக்களுக்குப் பயன்படுமாறு செய்யக் கடமைப்பட்டவர்கள். ஆகவே மலையின் குளிரையும் பூங்காவின் அழகையும் பேசிக்கொண்டிராமல், அங்கு கண்டவற்றுள் நம் ஒன்றியத்துக்கு எது உதவும் என்பதை ஆராய்வதற்காகவே இன்று கூடியிருக்கிறோம்.

இந்த ஆராய்ச்சிக்கு அவசரமான காரணம் ஒன்றும் உண்டு. மலையடிவாரத்தில் உள்ள நம் ஊராட்சி ஒன்றில், அருவியையும் அதன் அருகிலுள்ள கோயிலையும் காண வருவோர் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. அருவிக்குச் செல்லும் ஓடைக்கரைப் பாதையில் கடைகள் வைக்க இடங்களை ஏலம் விடலாமா என்னும் கேள்வி அவ்வூர்க் கிராம சபையின் முன் வந்திருக்கிறது. ஏலம் விட்டால் ஊராட்சிக்கு வருமானம். இளைஞர் சிலருக்குப் பிழைப்பு. ஆனால் அந்த ஓடைத் தண்ணீர்தான் ஊர்க் குளத்துக்கு வருகிறது. ஆடுமாடுகள் மேய்வதும் அந்தக் கரையில்தான். ஊரார் இரு பிரிவாக நிற்கின்றனர். இரு பிரிவினர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முடிவு செய்ய வேண்டியது கிராம சபை. முடிவு செய்யுமுன் எண்ணிப் பார்க்க வேண்டிய சில விஷயங்களை உங்கள் முன் வைப்பது எங்கள் கடமை.

முன்னாளில் பயணம்

நம் முன்னோர் ஊரைவிட்டு அசையாதவர்கள் அல்லர். காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தார்கள். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு மாடுகளை ஓட்டிக்கொண்டு நாட்கணக்கில் சென்றார்கள். அவர்கள் புறப்படும்போது கட்டுச்சோறு உடன் சென்றது. புளிச்சோறு இரண்டு நாள் கெடாது. சுரைக்குடுவையில் தண்ணீர், உண்பதற்கு வழியில் கிடைக்கும் வாழை இலையோ மந்தார இலையோ போதும். உண்டு முடித்த இலையை மாடு தின்றது. மாடு தின்னாததை மண் தின்றது. ஆயிரம் பேர் தங்கிச் சென்ற தோப்பிலும் மறு மழைக்குப் பின் அதன் சுவடு இராது.

வழியில் இருந்த ஊர்களும் தம் கடமையை அறிந்திருந்தன. கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள். தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அதை நடும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்த பெருமையால் இன்றும் நினைக்கப்படுகிறார். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1802-ஆம் ஆண்டில் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை நிறுவினார்.

பழமை என்பதனாலேயே எல்லாவற்றையும் போற்றிவிட வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. அந்நாளில் சத்திரத்துத் திண்ணை எல்லாச் சாதியாருக்கும் ஒன்றுபோலத் திறந்திருக்கவில்லை. வழிப்பறி அச்சமும் காலரா அச்சமும் யாத்திரிகரை விட்டு நீங்கியதில்லை. இன்று பேருந்தில் எவரும் எவர் அருகிலும் அமரலாம். பெண்கள் தனியே பயணம் செய்யலாம். இவை நாம் ஒருநாளும் விட்டுக்கொடுக்கக் கூடாத முன்னேற்றங்கள். எனினும், பழைய பயணத்தில் ஒரு நெறி இருந்தது. பயணம் செய்தவர் தமக்கு வேண்டியதைத் தாமே சுமந்து சென்றார். வழியிலிருந்த ஊருக்குச் சுமையாக எதையும் விட்டுச் செல்லவில்லை. இன்றைய பயணத்தில் கை வீசிப் புறப்படுகிறோம். வழி நெடுக வாங்குகிறோம். வாங்கியதன் உறையை வாங்கிய இடத்திலேயே விட்டு வருகிறோம். நம் சுமையை ஊரார் தலையில் இறக்கி வைக்கிறோம்.

நான்கு குடிகளின் மலை

இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காணக்கூடிய இடங்களுள் நீலகிரி ஒன்று. 1819-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் அம்மலையின் மேல் ஏறினார். அவர் ஏறியபோது அது வெற்று மலை அன்று. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் முதலியோர் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வந்தனர்.

அவர்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் நாம் கவனிக்கத்தக்கது. தோடர்கள் எருமை வளர்த்து நெய்யும் பால்பொருளும் கொடுத்தனர். படகர்கள் சாமை, இராகி முதலிய தானியங்களை விளைத்துக் கொடுத்தனர். கோத்தர்கள் இரும்புக் கருவி அடித்தும், மரவேலை செய்தும், சாவுச் சடங்குகளில் இசை முழக்கியும் உதவினர். மட்பாண்டம் வனைந்தவர்கள் கோத்தர் குலப் பெண்கள். குறும்பர்கள் தேனும் காட்டுப் பொருள்களும் கொண்டுவந்தனர். கடையும் நாணயமும் இன்றி, குடும்பத்துக்குக் குடும்பம் என்ற முறையில் இது நடந்தது. இதிலும் ஏற்றத்தாழ்வும் அச்சமும் கலந்தே இருந்தன. குறும்பரைச் சூனியக்காரர் என்று பிறர் அஞ்சியதும் உண்டு. ஆனால் பொருளைப் பெற்றவருக்கு அதைச் செய்தவர் யார் என்பது தெரிந்திருந்தது. உடைந்த பானை மண்ணுக்குத் திரும்பியது. தேய்ந்த அரிவாள் மறுபடியும் கோத்தரின் உலைக்குத் திரும்பியது.

பின்னர்ச் சாலை வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ஆம் ஆண்டிலும், அங்கிருந்து உதகைக்கு 1908-ஆம் ஆண்டிலும் மலை இரயில் ஓடத் தொடங்கியது. 2005-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இரயிலும் சாலையும் பள்ளியையும் மருத்துவத்தையும் கொண்டுவந்தன. கடைச் சரக்கையும் கொண்டுவந்தன. சந்தையில் காசு கொடுத்துக் கருவியும் பாத்திரமும் வாங்க முடிந்தபின், குடும்பத்துக்குக் குடும்பம் இருந்த அந்த முறை சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலேயே தளர்ந்து போயிற்று. காலம் மாறும்போது வழக்கம் மாறுவது இயல்பே. ஆனால் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த மக்களிடம் இருக்க வேண்டும்.

தோடர் மந்தில் கண்டது

பெரியவர்களின் அனுமதி பெற்று ஒரு தோடர் மந்துக்குச் சென்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தோடர் மக்களின் தொகை ஏறத்தாழ இரண்டாயிரமே. நம் ஒன்றியத்தின் ஒரு சிற்றூரில் அடங்கிவிடும் தொகை. பீப்பாயை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற அவர்களுடைய பழைய குடிலை மூங்கில், பிரம்பு, புல் ஆகியவற்றைக் கொண்டே கட்டுகிறார்கள். இன்று பெரும்பாலோர் ஓட்டு வீடுகளிலும் சிமெண்டு வீடுகளிலும் வசிக்கிறார்கள். ஆனால் கோயிலை மட்டும் பழைய முறையிலேயே வேய்கிறார்கள். அதற்கு வேண்டிய புல் மலையின் சதுப்பு நிலங்களில் வளர்வது. சதுப்பு குறையக் குறைய அந்தப் புல்லும் அரிதாகி வருகிறது.

அக்கோயிலுக்கு அருகே அயலார் செல்லலாகாது என்று ஓர் எல்லை உண்டு. நாம் எல்லைக்கு வெளியே நின்றே பார்த்துத் திரும்பினோம். வேடிக்கை பார்ப்பதற்காக ஏற்பட்ட இடம் அன்று அது. அவர்கள் வழிபடும் இடம். நம் ஊர்க் கோயில் கருவறைக்குள் ஒருவர் படம் பிடித்துக்கொண்டு நுழைந்தால் நாம் எப்படி உணர்வோமோ, அப்படியே அவர்களும் உணர்வார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதும். வேறு விதி வேண்டியதில்லை.

அங்கே பெண்கள் பூத்துக்குளி என்னும் சால்வையில் பூவேலை செய்துகொண்டிருந்தார்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்கள். துணியின் மேல் கோடு வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணியெண்ணியே ஊசி போடுகிறார்கள். இத்தகைய ஒரு சால்வை முடிய வாரக்கணக்கில் ஆகும். இக்கைவேலைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. விலையைக் கேட்டதும் நம்மில் சிலர் தயங்கினோம். ஆனால் அத்தனை நாள் உழைப்புக்கு நம் ஊர்க் களையெடுப்புக் கூலியைக் கணக்கிட்டாலும், அந்த விலை அதிகமன்று என்பது விளங்கும். அதே பூவடிவத்தை இயந்திரத்தில் அச்சடித்து மலிவாக விற்கும் சரக்கை வாங்கினால், மந்தில் ஊசி பிடிக்கும் பெண்ணுக்கு அதில் ஒரு காசும் சேராது. பயணி வாங்குவது தவறன்று. யாரிடம் வாங்குகிறான், வாங்கிய காசு யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதே கேள்வி.

குப்பையை எதிர்த்த போராட்டம்

கோடைக் காலத்தில் சமவெளி மக்கள் திரள்திரளாக அம்மலை ஏறுகின்றனர். தண்ணீர்ப் புட்டி, தீனிப் பொட்டலம், தேநீர்க் குவளை ஆகியவை அவர்களுடன் ஏறுகின்றன. மனிதர் இறங்கிவிடுகிறார்கள், உறைகள் இறங்குவதில்லை. உப்புச் சுவைக்காக மானும் மாடும் அவ்வுறைகளைத் தின்னுகின்றன. யானைச் சாணத்திலும் பிளாஸ்டிக் கிடந்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறோம்.

மாவட்ட நிர்வாகம் வாளாவிருக்கவில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு நம் மாநிலம் முழுவதும் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. நம் பாட்டன் சந்தைக்குத் தோளில் போட்டுச் சென்ற அதே துணிப்பை, இயக்கமாகத் திரும்பி வந்திருக்கிறது.

நம் கருத்தைக் கவர வேண்டிய ஏற்பாடு வேறொன்று. காட்டில் வீசப்படும் மதுப்புட்டிகள் உடைந்து விலங்குகளின் காலைக் கிழித்தன. உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலின் பேரில், 2022 மே மாதத்தில் நீலகிரி மதுக்கடைகளில் புட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. அறிவுரைக்குச் செவிசாய்க்காதவனும் 10 ரூபாய்க்குக் குனிந்து புட்டியை எடுக்கிறான். ஒருவன் எறிந்தாலும், மற்றொருவன் பொறுக்கிக் கொண்டுவந்து காசாக்குகிறான்.

கூட்டம் மலையின் தாங்கும் சக்தியை மீறியபோது, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்கள் ‘இ-பாஸ்’ பெற வேண்டும் என்றாயிற்று. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதி நாட்களில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் கட்டப்பட்டது. ஒரு கிணற்றில் எத்தனை ஏற்றம் போடலாம் என்பதற்குக் கணக்கு இருப்பதுபோல, ஓர் ஊருக்கு எத்தனை வண்டி வரலாம் என்பதற்கும் கணக்கு உண்டு.

மலையில் எறிந்தது வயலுக்கு வரும்

‘மலையில் குப்பை விழுந்தால் நமக்கென்ன?’ என்று எவரேனும் கேட்கலாம். மோயாறும் குன்னூர் ஆறும் நீலகிரியில் ஓடிப் பவானியில் கலக்கின்றன. 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையில் அந்த நீர் தேங்குகிறது. கீழ்பவானி வாய்க்கால் வழியாக 2 இலட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் நிலத்துக்கு அது பாய்கிறது. மடையைத் திறந்துவிடும்போது தண்ணீரோடு பிளாஸ்டிக் உறை வந்து வயலில் படிவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். கொப்பு வாய்க்காலின் குழாயை அடைத்துக்கொள்வதும், கொத்தும்போது மண்வெட்டியில் சுற்றிக்கொள்வதும் அதுதான். மண்ணுக்குள் புதைந்த உறை நீரை இறங்கவிடாது, வேரையும் ஓடவிடாது.

நம் ஊருக்கு நாம் செய்ய வேண்டுவது

இனி அருவி ஊராட்சியின் கேள்விக்கு வருவோம். ஏலமே கூடாது என்று கதவடைப்பது சரியன்று; வழிப்போக்கரை வரவேற்பது நம் மரபு. எந்த நிபந்தனையுமின்றி ஏலம் விடுவதும் சரியன்று. கீழ்க்கண்டவற்றைக் கிராம சபை ஆராயுமாறு வேண்டிக்கொள்கிறோம்.

முதலாவது, கடைகளுக்கான இடம். ஓடைக்கரையில் ஒரு கடையும் வேண்டாம். பேருந்து நிற்கும் திடலருகே கடைகள் இருக்கட்டும். அருவிக்குச் செல்பவர் வெறுங்கையோடு நடந்து செல்லட்டும்.

இரண்டாவது, விற்கும் சரக்கு. பத்து ரூபாய்த் தீனிப் பொட்டலம் ஒன்று விற்றால் கடைக்காரருக்குச் சிறு கழிவு கிட்டும். எஞ்சிய தொகை எங்கோ உள்ள கம்பெனிக்குப் போகும். உறை மட்டும் நம் ஊரில் தங்கும். ஓர் இளநீர் விற்றால் விலை முழுவதும் தென்னை வைத்தவருக்கும் வெட்டிக் கொடுத்தவருக்குமே சேரும். அவித்த நிலக்கடலை, பனங்கிழங்கு, இராகிக் கூழ், மோர், வாழைப்பழம் ஆகிய யாவும் நம் நிலத்தில் விளைபவை. வாழை இலையும் பாக்குமட்டைத் தட்டும் இருக்கும்போது வேறு தட்டு எதற்கு? இப்பொருள்களை விற்கும் மகளிர் குழுக்களுக்குக் குறைந்த வாடகையில் இடம் ஒதுக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கலாகாது. இளநீர்க் கூட்டை முழுதாக விட்டால் மழைநீர் தேங்கி டெங்குக் கொசு பெருகும். இரண்டாகப் பிளந்து கவிழ்த்துக் காய வைத்துத் தோப்புக்கு மூடாக்காகப் போட வேண்டும்.

மூன்றாவது, முன்பணம். உள்ளே கொண்டு செல்லும் புட்டிக்கும் பொட்டலத்துக்கும் அடையாள வில்லை ஒட்டி முன்பணம் பெறுவோம். திரும்பும்போது காட்டினால் பணத்தைத் திருப்பித் தருவோம். நீலகிரி முறையை நம் அளவுக்குச் சுருக்கிக்கொள்வதே இது. தொகையைக் கிராம சபை நிர்ணயிக்கட்டும்.

நான்காவது, வண்டிகளின் எண்ணிக்கை. திடலில் எத்தனை வண்டி நிற்க இடமுண்டோ அத்தனைக்கே அனுமதி.

ஐந்தாவது, வருமானத்தின் பங்கு. பிறர் எறிந்ததைக் கையால் பொறுக்குபவர் நம் தூய்மைக் காவலர். திருவிழா முடிந்த மறுநாள் அவர் படும் பாட்டை நாம் அறிவோம். ஏல வருமானத்தில் ஒரு பங்கைக் குடிநீருக்கும் கழிப்பிடத்துக்கும், தூய்மைக் காவலரின் கையுறைக்கும் கூடுதல் நாள் ஊதியத்துக்கும் முதலில் ஒதுக்கிவிட்டுப் பிறகே மற்றச் செலவுக்கு எடுக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் உண்டானால் புட்டி வாங்கும் தேவை தானே குறையும். அதுவே நம் காலத்துத் தண்ணீர்ப் பந்தல்.

ஆறாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. அருவிக்கு மேலே இருளர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அந்த ஓடையில் முதலில் தண்ணீர் மொள்பவர்கள் அவர்கள். அவர்களுடைய வழிபாட்டு இடம் எது, அயலார் வரக்கூடாத நாட்கள் எவை, அவர்கள் விற்க விரும்பும் தேனும் நெல்லியும் எங்கே விற்கப்பட வேண்டும் என்பவற்றை அவர்களிடமே கேட்டறிய வேண்டும். தீர்மானம் எழுதியபின் கையொப்பத்துக்கு அவர்களை அழைப்பது போதாது. எழுதுமுன் அவர்கள் சபையில் அமர்ந்திருக்க வேண்டும்.

நாமும் பயணிகளே

அருவிக்கு வருவோரைக் கட்டுப்படுத்தும் நாம், பிற ஊர்களுக்குச் செல்லும்போது பயணிகள் ஆகிறோம். நம் ஒன்றியத்திலிருந்து பழனிக்குப் பாதயாத்திரைக் குழுக்கள் செல்கின்றன. பள்ளிகளிலிருந்து மாணவர் சுற்றுலா செல்கிறது. இப்பயணத்தில் எவர்சில்வர்த் தட்டும் குவளையும் தண்ணீர்க் கேனும் நம்முடன் வந்தன. அதனால் நம் பேருந்தில் திரும்பி வந்த குப்பை ஒரு சிறு சாக்கில் அடங்கிற்று. செலவும் குறைந்தது. ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு செம்பு, வண்டிக்கொரு சாக்கு என்னும் இம்முறையை எல்லாப் பயணக் குழுக்களும் மேற்கொள்ளலாம். வழியிலுள்ள ஊராட்சிகளுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அருவி ஊராட்சியின் தீர்மானம் ஆராயப்பட உள்ளது. பயணத்துக்கு வந்த அவ்வூர் உறுப்பினர்கள் தாம் கண்டதைச் சபையில் எடுத்துரைக்க வேண்டும். ஏலத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஓடைக்கரையை ஒருமுறை சேர்ந்து நடந்து பார்த்துவிட்டுச் சபைக்கு வருவது நலம். நிபந்தனைகளைத் தெளிவான தமிழில் எழுதித் தரவும், கணக்கு வைக்கும் முறையை விளக்கவும் ஒன்றிய அலுவலகம் ஆயத்தமாக இருக்கிறது. குளத்து நீரும் கெடாமல், வருவோர் மனமும் நோகாமல், ஊரார் கையில் நாலு காசும் சேரும்படி அத்தீர்மானம் அமையுமானால், நம் பயணச் செலவு வீணாகவில்லை என்று ஊரே சொல்லும்.